ஓட்டை விழுந்த செடிதான் வேண்டும்

என் தொழில் தையல். ஒரு நாளைக்கு ஆறு பிளவுஸ் தைத்தால் அன்றைக்கு ராத்திரி கண் எரியும். போன ஆடியில் கண் டாக்டர், "அரை மணிக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி, தூரமாக ஏதாவது பச்சையைப் பாருங்கம்மா" என்றார். என் மெஷினுக்கு எதிரே இருக்கிற ஜன்னலில் தெரிந்ததோ காரை பெயர்ந்த காம்பவுண்டுச் சுவர், துணி துவைக்கிற கல், ஒரு கறிவேப்பிலை மரம். அவ்வளவுதான். சரி, நாலு செடி வைப்போம், வைப்பதுதான் வைக்கிறோம், பட்டாம்பூச்சி வருகிற செடியாகப் பார்த்து வைப்போம் என்று கிளம்பினேன். அது ஆவணி. இப்போது தை. ஒரு பனிக்காலம் முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டதால், செடி வாங்கிய நர்சரியைப் பற்றி நல்லதும் கெட்டதும் சொல்லலாம்.

கேரள எல்லையில் மீனாட்சிபுரம் செக்போஸ்ட் தாண்டி, தத்தமங்கலம் போகிற ரோட்டில் இருக்கிறது அந்த நர்சரி. பெயரை எழுதவில்லை. குறை சொல்லப்போகிறேன், அந்தத் தம்பி முகத்தில் மறுபடியும் விழிக்க வேண்டும். எங்கள் ஊர் எல்லைக்கு இந்தப் பக்கம். டிவிஎஸ்ஸில் போனால் கால்மணி நேரம். என் வீட்டுக்காரர் கேட்டவுடன் வண்டியை எடுத்ததைப் பார்த்து மனிதருக்குச் செடிப் பாசம் வந்துவிட்டது என்று நினைத்தேன். செக்போஸ்ட் தாண்டியதும் வரிசையாக லாட்டரிக் கடை. தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியை நிறுத்திவிட்டார்கள், ஆனால் எங்கள் பக்கத்து ஆண்களுக்கு அது நின்ற மாதிரியே இல்லை. என்னை நர்சரி வாசலில் இறக்கிவிட்டுப் போனவர் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தார். அதுவும் நல்லதாகப் போயிற்று. செடி வாங்கும்போது பக்கத்தில் "போதும் போதும்" என்று சொல்ல ஆள் இருக்கக் கூடாது.

கடைக்காரர் மலையாளி, நாற்பது வயது இருக்கும். நன்றாகத் தமிழ் பேசுவார், இடையில் மலையாளம் ஏறும். "பட்டாம்பூச்சி வர்ற செடி வேணும் தம்பி" என்றேன். "பூம்பாற்றையா? உண்டு சேச்சி, நெறைய உண்டு" என்று முன்வரிசைக்குக் கூட்டிப்போனார். அடுக்குச் செண்டுமல்லி, அடுக்குச் செம்பருத்தி, பெட்டூனியா. ஜவுளிக்கடை ஷோகேஸ் மாதிரி அப்படி ஒரு நிறம். கையில் இரண்டை எடுத்தும்விட்டேன். அப்புறம்தான் உறைத்தது, மணி பத்து, நல்ல வெயில், இத்தனை பூ இருக்கிறது, ஒன்றின் மேலும் ஒரு பூச்சி இல்லை.

தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நான் முழிப்பதைப் பார்த்துச் சிரித்தார். ஆனைமலைப் பக்கத்துக்காரர், தலையில் துண்டு, முழங்கால்வரை சேறு. "அம்மிணி, அது நமக்குப் பூத்தது. பூச்சிக்குப் பூத்தது பின்னாடி இருக்குது, வாங்க" என்றார்.

பின்னாடி என்றால் எருக்குவியலுக்கு அந்தப் பக்கம். நிழல்வலை இல்லை, வரிசை இல்லை. சீமை நாயுருவி வேலியோரமாகக் குச்சி குச்சியாக ஊதாப்பூ வைத்திருந்தது. அங்கே பார்த்தால் ஒவ்வொரு குச்சியிலும் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. விஷயம் என்னவென்று பெரியவர் சொன்னது எளிமையானது. அடுக்குப் பூவில் இதழ்மேல் இதழாக அடைத்துவிட்டால் பூச்சியின் குழல் உள்ளே போக வழியில்லை, பலதில் தேனும் கிடையாது. ஒற்றை இதழாக, குழாய் குழாயாகப் பூக்கிறதுதான் அதற்குச் சாப்பாடு. அதோடு, "பூவு சோறு போடற ஓட்டலுங்க. பிள்ளை பெத்துப் போட வேற எலை வேணும்" என்றார். எந்தப் பட்டாம்பூச்சியும் கண்ட இலையில் முட்டை வைக்காது. எலுமிச்சை, கறிவேப்பிலைக்கு ஒரு கூட்டம், எருக்குக்கு ஒரு கூட்டம், ஆவாரை கொன்றைக்கு ஒரு கூட்டம். இவ்வளவும் தெரிந்த மனிதரை எருக்குவியல் பக்கம் வைத்துவிட்டு, பெட்டூனியாவை முன்னால் வைத்திருப்பதுதான் இந்தக் கடையின் முதல் குறை.

அன்றைக்கு வாங்கியது 11 செடி. இட்லிப்பூ 2, பென்டாஸ் 3, சீமை நாயுருவி 2, எலுமிச்சை 2, கிலுகிலுப்பை 1, கிருஷ்ணகிரீடம் 1. கணக்குப் பார்த்தால் 740 ரூபாய், 700 வாங்கிக்கொண்டார். பொள்ளாச்சியில் விசாரித்ததைவிடக் குறைவுதான். உன்னிச்செடி கேட்டேன், அதில் பட்டாம்பூச்சி மொய்ப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேனே. பெரியவர் கையை விசிறிவிட்டார். "மலைக்காட்டையே மூடிப்போட்டுது, அதைக் காசு குடுத்து வேற வாங்கணுமா?" கடைக்குள்ளேயே ஒரு ஆள் வியாபாரத்தைத் தடுக்கிறார், முதலாளி கேட்டுக்கொண்டு சும்மா நிற்கிறார். எனக்கு அந்தக் கடை பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

இனி எலுமிச்சைக் கதை. இதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

இரண்டு எலுமிச்சையும் பார்க்க லட்சணமான கன்று. இலையில் ஒரு புள்ளி, ஒரு ஓட்டை கிடையாது, எண்ணெய் தடவின மாதிரி மினுமினுப்பு. புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, மெஷினில் நூல் கோர்த்துக்கொண்டிருக்கும்போது கறுப்பிலும் வெளிர்மஞ்சளிலும் கட்டம் கட்டமாக ஒன்று வந்தது. எலுமிச்சை அழகி என்று புத்தகத்தில் பெயர் போட்டிருக்கிறார்கள். அது உட்காரவில்லை. இறக்கையை அடித்துக்கொண்டே முன்னங்காலால் இலையைத் தட்டித் தட்டிப் பார்த்தது, துணிக்கடையில் நாம் முந்தானையை விரலால் தேய்த்துப் பார்ப்போமே, அப்படி. பட்டாம்பூச்சிக்குக் காலில்தான் ருசி தெரியும் என்று என் மகள் சொன்னாள், பொள்ளாச்சியில் விலங்கியல் படிக்கிறாள். தட்டிப் பார்த்துத் திருப்தியானதும் வாலை வளைத்து ஒரு கொழுந்தில் ஒன்று, அடுத்த கொழுந்தில் ஒன்று என்று வைத்துவிட்டுப் போயிற்று. போய்ப் பார்த்தேன். குண்டூசித் தலை அளவு, வெளிர்மஞ்சள், உருண்டையாக மணி. பிளவுஸில் வைத்துத் தைக்கலாம்.

நாலாம் நாள் பொரிந்தது. ஐந்தாம் நாள் காலையில் தொட்டிமண்ணில் கறுப்பாகச் சுருண்டு கிடந்தன. எறும்பு வேலை என்று நினைத்தேன், தொட்டியைச் சுற்றித் தண்ணீர் கட்டினேன். அடுத்த வாரம் மறுபடி முட்டை, மறுபடி அதே கதை. மூன்றாவது தடவைதான் சந்தேகம் வந்தது. ஏனென்றால் பத்தடி தள்ளி நிற்கிற என் கறிவேப்பிலை மரத்தில் அதே நாட்களில் ஐந்து புழு கொழுகொழுவென்று வளர்ந்துகொண்டிருந்தது. அதே காற்று, அதே எறும்பு, அதே குருவி. செடி மட்டும்தான் வேறு.

நேராகக் கடைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன், மறைக்கவில்லை. கடைக்காரத் தம்பி என் புகாரைக் கேட்டுவிட்டு முகமெல்லாம் மலர்ந்து, "அது மருந்து போட்ட செடி சேச்சி! வேர்ல ஊத்தறது. ஒரு புழு தொடாது, காரண்டி" என்றார். அவர் பெருமையாகச் சொல்கிறார், நான் அழாத குறையாக நிற்கிறேன். வேரில் ஊற்றுகிற அந்த மாதிரி மருந்து தண்டு, இலை, பூ, தேன் என்று எல்லாவற்றிலும் ஏறி நிற்கும். தெளிக்கிற மருந்தாக இருந்தால் கழுவிவிடலாம், இதைக் கழுவ முடியாது. அன்றைக்கு, "பட்டாம்பூச்சிக்கு வேணும்" என்று கேட்டுத்தானே வாங்கினேன் என்றேன். "பூம்பாற்றைக்குத்தானே சேச்சி, புழுவுக்கு இல்லையே" என்றார்.

கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். இரண்டும் ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியாமலும் இல்லை, ஆனால் கடையில் நின்றால் அந்த நினைப்பு வராது போல. யோசித்துப் பார்த்தால் அவர் மேல் முழுக் குற்றமும் இல்லை. ஓட்டை விழுந்த இலையோடு ஒரு கன்றை வைத்தால் யார் வாங்குவார்கள்? நானே ஆவணியில் வாங்கியிருக்க மாட்டேன். ஒரு நூல் பிரிந்திருந்தால் துணியைத் திருப்பிக் கொடுக்கிற ஆள் நான். ஆனாலும் கேட்டு வாங்குகிறவரிடம் மருந்து போட்டிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். பூக்கிற செடிகளுக்கும் போட்டீர்களா என்று கேட்டதற்கு, எலுமிச்சை, ரோஜா, மாங்கன்றுக்கு மட்டும்தான் என்றார். நம்பித்தான் ஆக வேண்டும். பென்டாஸில் வந்து குடித்தது எதுவும் என் கண்முன் விழவில்லை, அதை வைத்து நம்புகிறேன்.

பெரியவர் அதுவரை பேசவில்லை. என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டுக் கிணற்றடிக்குப் போனார். கழித்துப் போட்ட கன்றுகள் அங்கே சாய்ந்து கிடந்தன. விற்காது என்பதால் அதற்கு மருந்தும் கிடையாது. ஒரு நார்த்தை, இரண்டு எலுமிச்சை, மூன்றிலும் பாதி இலை தின்னப்பட்டிருந்தது. நார்த்தையில் ஒரு இலைமேல் காக்கை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ. தொடப்போனேன், தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு இரண்டு கவைபோல் வெளியே வந்தது, ஒரு புளித்த நாற்றம். புழுதான். சின்னதாக இருக்கும்வரை எச்சம் மாதிரி வேஷம், வளர்ந்தால் இலைப்பச்சை, இரண்டுக்கும் ஏமாறாமல் கிட்டே வருகிறவனுக்கு அந்தக் கொம்பு.

மூன்றையும் பாதி விலைக்குக் கொடுத்தார் கடைக்காரர், ஒன்று 60 ரூபாய். "புழுவுக்குக் காசு இல்ல சேச்சி" என்று சொல்லிச் சிரித்தார். பழைய இரண்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை, பணமும் தரவில்லை. கேட்டேன், பேச்சை மாற்றினார். அதற்காக மதிப்பெண்ணில் ஒன்றைக் குறைக்கிறேன். அந்த இரண்டு கன்றும் இப்போது மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நிற்கின்றன, பூமொட்டு வந்தால் கிள்ளிவிடுகிறேன்.

அப்புறம் காற்று. இதையும் கடையில் யாரும் சொல்லவில்லை. பாலக்காட்டுக் கணவாய் என்பது மேற்கு மலையில் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமான ஒரு வாசல். ஆனி ஆடியில் அந்தப் பக்கத்திலிருந்து வருகிற காற்று, கார்த்திகையில் திரும்பிக் கிழக்கிலிருந்து அடிக்கும். மலையாளிகள் இதை விருச்சிகக் காற்று என்பார்கள், கார்த்திகைதான் அவர்களுக்கு விருச்சிகம். தென்னை ஓலை உரசி ராத்திரி முழுக்க மழை பெய்கிற மாதிரியே கேட்கும். இந்தக் காற்றில் பட்டாம்பூச்சி பூவில் கால் ஊன்ற முடியாது. கிருஷ்ணகிரீடத்தை நடு வாசலில் வைத்திருந்தேன், பூங்கொத்து வருமுன்பே தண்டு ஒடிந்தது. மீதியை எல்லாம் சுவரோரமாக இழுத்தேன். கிழக்குக் காற்றைக் கொட்டகை தடுக்கும், மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் அந்தச் சுவருக்கு நாள் முழுக்க வெயில். கூட வந்த நார்க்கழிவு மண்ணும் இந்தக் காற்றுக்கு ஆகாது. காலையில் ஊற்றினால் மதியம் பொரிபொரியாகக் காய்ந்துவிடும். செம்மண்ணும் எருவும் கலந்து மாற்றின பிறகுதான் செடி நின்றது. வாங்குகிறவர்கள் முதல் வாரமே மாற்றிவிடுங்கள்.

ஒன்பதரைக்குத்தான் வீட்டு நிழல் விலகிச் சுவரில் வெயில் விழும். ஒன்பது மணிக்கு நான் மெஷினில் உட்காரும்போது ஒரு பூச்சி அசையாது. வெயில் சுவரைத் தொட்டதும் ஒன்றிரண்டு வந்து, சுவரில் ஒட்டி, இறக்கையை முழுக்க விரித்துக் காயும். நம்மைப்போல் உள்ளுக்குள் சூடு வைத்திருக்கிற உடம்பு இல்லை அது. உடம்பு சூடேறினால்தான் இறக்கை ஓடும். பழைய மெஷினைப் பனிக்காலத்தில் நாலு சுற்று வெறுமனே மிதித்துவிட்டுத்தான் துணி வைப்பேன், அந்த மாதிரி. பத்தரையிலிருந்து ஒரு மணிவரை கூட்டம். மூன்று மணிக்கு மேல் ஒன்றும் இல்லை. ஆக, மழையும் இல்லாமல் வேனலும் இல்லாமல் இளவெயிலாக இருக்கிற இந்த மூன்று மாதம்தான் பார்க்கத் தோதான காலம். பங்குனி வெயிலில் நானும் ஜன்னல் பக்கம் உட்கார மாட்டேன்.

40 ரூபாய்க் கிலுகிலுப்பைதான் வாங்கியதிலேயே உசத்தி. ஐப்பசியில் ஒரு நாள் தென்னை உச்சிக்கு மேலே கறுப்பும் நீலமுமாகப் பட்டாம்பூச்சிகள் போய்க்கொண்டே இருந்தன, எல்லாம் மேற்கே பார்த்து. இரண்டு பிளவுஸுக்குக் கை வைத்து முடிக்கும்வரை நிற்கவில்லை. மகள் சொன்னாள், சேர்வராயன், கொல்லிமலை மாதிரி கிழக்கத்தி மலைகளிலிருந்து புரட்டாசி ஐப்பசியில் மேற்கு மலைக்கு வரும், கோடை முடிந்து தென்மேற்கு மழை இறங்குகிற சமயத்தில் திரும்பிக் கிழக்கே போகும் என்று. நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் என்று நாலைந்து ஜாதி சேர்ந்து போகுமாம். அதில் சில என் சுவரோரம் தங்கின.

கார்த்திகைக் காற்றில் கிலுகிலுப்பையின் ஒரு கிளை முறிந்து தொங்கியது. இரண்டு நாளில் காய்ந்துவிட்டது, வெட்டிப் போட நினைத்தேன். மறுநாள் பார்த்தால் பூத்த கிளையில் இரண்டு பூச்சி, காய்ந்த கிளையில் 17. எண்ணினேன், பொய் இல்லை. தேன் கிடையாது, பூ கிடையாது, வெறும் சருகு. கிட்டே போய் முட்டி போட்டு உட்கார்ந்தேன், ஓடவில்லை. ஒரு நீல வரியன் நகத்தால் இலையைச் சுரண்டுகிறது. சுருட்டி வைத்திருந்த குழலை, பாபினிலிருந்து நூல் இறங்குகிற மாதிரி இறக்கி, சுரண்டின இடத்தில் ஒரு துளி ஈரம் வைத்து, அதையே திரும்ப உறிஞ்சுகிறது. ஒரே இடத்தில் அரைமணி நேரம். பக்கத்தில் இன்னொன்று வந்து இடித்தால் இறக்கையால் தள்ளுகிறது, ரேஷன் கடை வரிசை தோற்றது. மகள் சொன்ன விளக்கம்: வருவது அநேகமாக எல்லாமே ஆண். அந்தச் செடியில் இருக்கிற கசப்புச் சரக்கை எடுத்துத்தான் பெண்ணை மயக்குகிற வாசனையைத் தயார் செய்யும். செடி வாடினால், முறிந்தால், சரக்கு எடுக்கச் சுலபம். அதே கசப்பு உடம்பில் இருப்பதால் பறவையும் தின்னாது. எங்கள் தெருவில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகுமுன் அரை டப்பா பவுடர் போடுகிற பையன்களைத் தப்பாக நினைத்துவிட்டேன்.

வெண்புள்ளிக் கருப்பனைப் பற்றித் தொழில் முறையில் ஒன்று சொல்ல வேண்டும். காப்பிக்கொட்டை நிறத் துணி, ஓரத்தில் இரட்டை வரிசையாக வெள்ளைப் புள்ளி. வளைவுக்கு வளைவு இடைவெளி பிசகவில்லை. முப்பது வருஷமாகப் பீட்ஸ் வேலை செய்கிறேன், வளைவில் எனக்கு அப்படி வராது.

இட்லிப்பூ இரண்டாம் பரிசு. சிவப்புக் கொத்து, ஒவ்வொரு பூவும் நீளமான குழாய், அதனால் நீளக் குழல் உள்ள பெரிய ஜாதிதான் வரும். கறிவேப்பிலை அழகி வந்தால் உட்காராது. கால் பட்டும் படாமல், இறக்கை படபடத்தபடியே குடிக்கும், பஸ்ஸை ஓடவிட்டு டீ குடிக்கிற டிரைவர் மாதிரி. இதில் பெண்ணுக்கு ஒரு தந்திரம் உண்டு. சில பெண்கள் அச்சு அசலாக ரோஜா அழகி மாதிரியே இருக்கும், பின்னிறக்கையில் வெள்ளைத் திட்டும் சிவப்புப் புள்ளியுமாக. ரோஜா அழகி விஷம், பறவை தொடாது. இது விஷம் இல்லை, வேஷம் மட்டும். முதல் மாதம் எனக்கே பிரித்துச் சொல்ல வரவில்லை. உடம்பைப் பார்க்க வேண்டும். ரோஜா அழகிக்கு உடம்பே சிவப்பு, நகலுக்கு உடம்பு கறுப்பு. காஞ்சிப் பட்டு என்று சொல்லி விற்கிற சேலையையும் நான் இப்படித்தான் பிடிப்பேன், முந்தானையைப் பார்க்க மாட்டேன், உள்பக்கத்தைத் திருப்புவேன்.

அந்த ரோஜா அழகி முட்டை வைக்க ஈஸ்வரமூலி வேண்டும் என்று கார்த்திகையில் போய்க் கேட்டேன். 150 ரூபாய்க்கு ஒரு கொடி கொடுத்தார் கடைக்காரர். இலை இதய வடிவில் அகலமாக இருந்தது, நாட்டு ஈஸ்வரமூலிக்கு இலை குறுகி நீளமாக இருக்கும். அழகுக்கு வளர்க்கிற வேறு ஜாதி அது. பெரியவர் அன்று லீவு. மறுவாரம் போனதும் பேசாமல் மாற்றிக் கொடுத்துவிட்டார், அதைச் சொல்லியாக வேண்டும்.

அன்றைக்கே இன்னொரு வியாபாரமும் பார்த்தார். "முள்ளிலம் கொண்டுபோங்க சேச்சி, புத்தமயூரி வரும்!" புத்தமயூரி கேரளாவின் மாநிலப் பட்டாம்பூச்சி, 2018-ல் அறிவித்தார்கள். அடுத்த வருஷமே நம் அரசு தமிழ் மறவனை அறிவித்தது. இரண்டும் மலைக்காட்டு ஆட்கள். முள்ளிலம் முள்ளோடு வளர்கிற பெரிய மரம், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு மயூரிக்குக் காத்திருக்க என்னால் ஆகாது. எல்லையில் குடியிருந்தும் இரண்டு மாநிலத்துப் பூச்சியும் என் வீட்டுக்கு வந்ததில்லை. வருத்தமும் இல்லை.

பென்டாஸ் கொடுத்த காசுக்கு மோசமில்லை. மூன்று நிறத்தில் வாங்கினேன், சிவப்பிலும் ரோஸிலும்தான் கூட்டம், வெள்ளை பாவம் சும்மா நிற்கிறது. அதில் ஒரு நாள் சின்னதாக ஒரு மஞ்சள் பூச்சி வெகுநேரம் அசையாமல் இருந்தது. குடிக்கிறது என்று நினைத்தேன். ஒரு காஜா முழுக்கக் கட்டி முடித்து நிமிர்ந்தேன், அப்படியே இருந்தது. போய்ப் பார்த்தால், பூவோடு பூவாக ஒரு வெள்ளைச் சிலந்தி, நண்டு மாதிரி முன்காலை விரித்து அதன் கழுத்தைப் பிடித்திருக்கிறது. வலை கட்டவில்லை, பூவிலேயே உட்கார்ந்து காத்திருந்திருக்கிறது. தட்டிவிடக் கை போனது. அப்புறம் விட்டுவிட்டேன்.

காசு கொடுக்காமல் வந்ததையும் சொல்லிவிடுகிறேன். நாயுருவித் தொட்டியில் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது தாத்தாப்பூ, வெட்டுக்காயப்பூண்டு என்பார்களே, அதுதான். களை என்று பிடுங்கப்போனேன். விரல்நக அளவு நீலப்பூச்சிகளுக்கு அதைவிட்டால் வேறு பூ கண்ணில் படுவதில்லை. கடைக்காரருக்குத் தெரிந்தால் அதையும் பையில் வைத்து 30 ரூபாய் போடுவார்.

போகிறவர்களுக்கு: ஞாயிறு போகாதீர்கள், கார் கூட்டம், பெரியவர் கையில் கிடைக்க மாட்டார். வார நாளில் காலை ஒன்பதுக்குள் போங்கள். ஜிபே உண்டு. முன்வரிசையைத் திரும்பிப் பார்க்காமல் நேராக எருக்குவியலுக்குப் போங்கள். வேரில் மருந்து ஊற்றியதா என்று செடிக்குச் செடி கேளுங்கள், கேட்டால் பொய் சொல்வதில்லை, கேட்காவிட்டால் சொல்வதும் இல்லை. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்த மூன்றரையில் இரண்டரை பெரியவருக்கு.

பொங்கலுக்கு முந்தின வாரம் நார்த்தையிலிருந்த புழு ஒன்று காணாமல் போனது. குருவி கொண்டுபோய்விட்டது என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஜன்னல் கதவைச் சாத்தப் போகும்போதுதான் பார்த்தேன், கீல் பக்கத்துச் சட்டத்தில் பச்சைக் கூடாகத் தொங்குகிறது. வால் நுனி கட்டையில் ஒட்டியிருக்கிறது, இடுப்பைச் சுற்றி ஒரே ஒரு பட்டு இழை, இரண்டு பக்கமும் கட்டையில் முடிச்சு. அந்த இழைதான் மொத்த உடம்பையும் தாங்குகிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே வைத்துப் பார்த்தேன், பிசிறில்லாத வேலை. கதவைச் சாத்தினால் நசுங்கிவிடும். எட்டு நாளாக ஜன்னல் திறந்தே கிடக்கிறது, பனி உள்ளே இறங்கி வீட்டுக்காரருக்கு இருமல். கல்யாணப் பிளவுஸ் அளவு கொடுக்க வந்த பெண், "ஏக்கா, இந்தக் குளிர்ல ஜன்னலைச் சாத்தக் கூடாதா?" என்றாள். கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

நேற்று நர்சரித் தம்பியிடமிருந்து போன். "சேச்சி, ஓட்டைச் செடி நாலு தனியா மாற்றி வெச்சிருக்கு, பெரியவர் சொன்னார். எப்ப வர்றீங்க?" விலை கேட்டேன். எழுபது என்றார். பத்து ரூபாய் ஏறிவிட்டது.